புதினா சாக்லேட்டுக்கு வவுச்சர் எங்கே?

வீட்டிலேயே செய்யும் ஆரோக்கியமான புதினா சாக்லேட்டுக்கு இப்போது ஆளுக்கொரு குறிப்பு சொல்கிறார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். விதை நீக்கிய பேரீச்சம்பழம், வறுத்த பாதாம், கோகோ பொடி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், இரண்டு சொட்டு பெப்பர்மின்ட் எண்ணெய். அரைத்து, உருட்டி, ஃபிரிட்ஜில் வைத்தால் ஆயிற்று. கடைச் சரக்கில் என்ன கலந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும், நம் கையால் செய்தால் சுத்தம் என்பது வாதம்.

வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. யாராவது 'சுத்தம்' என்று சொன்னால் உடனே 'வவுச்சர் எங்கே?' என்று கேட்டே பழகிவிட்டது. (வீட்டில் இதற்காக வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக் கதை :-)) கையால் செய்தோம், சரி. அந்தக் கோகோ பொடியையும் பெப்பர்மின்ட் எண்ணெயையும் நாமா செய்தோம்? அவற்றுக்கு வவுச்சர் தேடிப் போனால் அது நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான வரலாற்றில் கொண்டுபோய் விடுகிறது. அதில் உயிர்ச்சேதமும் உண்டு.

ஹம்பக் பில்லியின் மிட்டாய்

1858 அக்டோபர் 30, சனிக்கிழமை. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரச் சந்தை. வில்லியம் ஹார்டேக்கர் என்பவர் பெப்பர்மின்ட் மிட்டாய்க் கடை போட்டிருந்தார். ஊரில் அவருக்கு 'ஹம்பக் பில்லி' என்று பட்டப்பெயர். ஆங்கிலத்தில் ஹம்பக் என்றால் புதினா மிட்டாய்க்கும் பெயர், பித்தலாட்டத்துக்கும் பெயர். பொருத்தம்தான்.

அந்தக் காலத்தில் அங்கே சர்க்கரை விலை அதிகம். அதனால் மிட்டாய் செய்பவர்கள் சர்க்கரையில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு ஜிப்சம் மாதிரியான வெள்ளைப் பொடியைக் கலப்பது சாதாரண வழக்கம். அதற்கு 'டாஃப்' என்று ஒரு தொழில் பெயரே இருந்தது. மிட்டாய் தயாரித்த ஜோசப் நீல் அந்தப் பொடி வாங்கி வர மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பினார். கடைக்காரர் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். உதவியாள் தவறான பீப்பாயிலிருந்து 12 பவுண்டு அள்ளிக் கொடுத்தார். அது வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக்.

அன்று ராத்திரி பில்லி விற்றது வெறும் 5 பவுண்டு மிட்டாய். 200 பேருக்கு மேல் படுத்தார்கள், சுமார் 20 பேர் செத்தார்கள். முதலில் காலரா என்றுதான் நினைத்தார்களாம்.

இதில் என்னை உறுத்தும் விஷயம் வேறு. மிட்டாயின் நிறம் வழக்கம்போல் இல்லை என்பதைப் பில்லி கவனித்திருக்கிறார். கவனித்துவிட்டு என்ன செய்தார்? விலையில் தள்ளுபடி கேட்டு வாங்கிக்கொண்டார்! சரக்கில் ஏதோ கோளாறு என்று கண்ணுக்குத் தெரிகிறது, அது பேரம் பேச உதவுகிறது, அவ்வளவுதான். கடைசியில் யாருக்கும் தண்டனை கிடையாது. ஏனென்றால் ஜிப்சம் கலப்பது அன்று குற்றமே இல்லை. பாஷாணம் கைமாறியது தற்செயல்.

செங்கல் பொடி சாக்லேட்

சாக்லேட் மட்டும் யோக்கியமா? பிராட்ஃபோர்டுக்குச் சில வருஷம் முன்பே, 1851 முதல் 1854 வரை, 'லான்செட்' மருத்துவ இதழுக்காக ஆர்தர் ஹில் ஹாசல் என்ற டாக்டர் லண்டன் கடைகளில் உணவுப் பொருள்களை வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அந்த நாளைய சோதனை ஒன்றில் 70 சாக்லேட் மாதிரிகளில் 39ல் செங்கல் பொடிச் சிவப்பு இருந்ததாகக் கணக்கு. உருளைக்கிழங்கு மாவு கலப்பது அதைவிடச் சகஜம்.

மாவு கலந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. கோகோ விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு. வெந்நீரில் கரைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை உறிஞ்ச மாவு வேண்டும். 1828ல் டச்சுக்காரர் வான் ஹூட்டன் குடும்பம் கொழுப்பைப் பிழிந்து எடுக்கும் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது. மிஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்தால் கோகோ பவுடர். நம் ஊர் செக்குக் கதைதான், இங்கே பிண்ணாக்குக்குத்தான் மவுசு. கேட்பரி சகோதரர்கள் இந்த பிரஸ்ஸை வாங்கி 1866ல் மாவே கலக்காத கோகோவை விற்றார்கள். அதற்கு முன் அவர்கள் சரக்கிலும் மாவு இருந்தது. இப்போது 'முழுக்க முழுக்கச் சுத்தம்' என்று விளம்பரம்.

விளம்பரம் எடுபட்டதற்குச் சட்டமும் துணை. பிராட்ஃபோர்டு சாவுகளுக்குப் பின் 1860ல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. உள்ளூர் நிர்வாகம் விரும்பினால் ஒரு பரிசோதகரை நியமிக்கலாம் என்றது அது. 'விரும்பினால்' என்று எழுதிய எந்தச் சுற்றறிக்கைக்கு என்ன கதி என்று அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான ஊர்கள் விரும்பவில்லை. 1872லும் 1875லும் சட்டம் இறுகிய பிறகுதான் கலப்படம் குறையத் தொடங்கியது. வியாபாரிகள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. மைக்ராஸ்கோப்போடு ஒருவர் வருவார் என்ற பயம் வந்தது.

மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாதது

சரி, மாவு போயிற்று, செங்கல் போயிற்று. இனி சுத்தம்தானே? இங்கேதான் கதை திரும்புகிறது.

1901ல் வில்லியம் கேட்பரிக்கு ஒரு தோட்ட விற்பனை அறிவிப்பு கண்ணில் படுகிறது. ஆப்பிரிக்கக் கரையோரம் போர்ச்சுகல் வைத்திருந்த சாவோ தோமே தீவில் ஒரு கோகோ தோட்டம். சொத்துப் பட்டியலில் ஒரு வரி: 200 கறுப்பினத் தொழிலாளர்கள், மதிப்பு 3,555 பவுண்டு. அடமானப் பத்திரங்களில் சொத்து விவரம் படித்தே காலம் தள்ளுகிறவன் நான். கிணறு, மோட்டார், தென்னை மரம் 40 என்று வரும் இடத்தில் மனுஷனை எழுதி, எதிரே விலையும் போட்டிருந்தார்கள்.

அங்கோலாவிலிருந்து 'ஒப்பந்தக் கூலி' என்ற பெயரில் கொண்டுபோனவர்கள் திரும்பி வருவதே அபூர்வம். பத்திரிகையாளர் ஹென்றி நெவின்சன் நேரில் போய்ப் பார்த்து, 1906ல் புத்தகமாகவே எழுதினார். கேட்பரி அந்தத் தீவின் கோகோவை நிறுத்தியது 1909ல். 'தெரிந்தே வாங்கினீர்களே' என்ற தொனியில் 'ஸ்டாண்டர்ட்' என்ற பத்திரிகை எழுத, கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. ஜூரி கம்பெனி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு ஃபார்த்திங். அதாவது கால் பென்னி. இதைவிடப் பச்சையாக ஒரு நீதிமன்றம் கருத்துச் சொல்ல முடியாது.

கோகோவில் கலப்படம் இல்லை. ஆனால் சுத்தமா? ஹாசலின் மைக்ராஸ்கோப்பில் இந்தக் கறை தெரியாது. அதற்கு ஒருவர் கப்பலேறிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

பாராபங்கியின் பிப்பர்மின்ட்

இனி அந்த இரண்டு சொட்டு. ஒரு விஷயம் முதலில்: நம் வீட்டுச் சட்னிப் புதினாவை அரைத்துச் சாக்லேட்டில் போட்டால் சட்னி வாசம்தான் வரும். அதில் பெரும்பாலும் இருப்பது கார்வோன். பெப்பர்மின்ட்டின் ஜில்லென்ற குணத்துக்குக் காரணம் மென்தால். அந்த ஜில்லும் நிஜக் குளிர்ச்சி அல்ல. நரம்பில் குளிரை உணரும் ஏற்பி ஒன்றை மென்தால் தட்டிவிடுகிறது, மூளை குளிர் என்று பதிவு செய்துகொள்கிறது. போலி வவுச்சர்! 2002ல் இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெப்பர்மின்ட் எண்ணெய்க்கு இங்கிலாந்தின் மிச்சம் பேர் போன ஊர். பிறகு அமெரிக்கா. அங்கே டர்பன்டைன் கலப்பது பெரிய தலைவலி. நியூயார்க் மாநிலத்து ஹாட்ச்கிஸ், 1851 லண்டன் கண்காட்சியில் வாங்கிய பதக்கத்தை லேபிளில் அச்சடித்தே நம்பிக்கையை விற்றார். மிச்சிகனின் ஆல்பர்ட் டாட் கலப்படத்தை எதிர்த்தே பேர் வாங்கினார். மென்தால் படிகத்துக்கு முதலில் ஜப்பான், இரண்டாம் உலகப் போர் அதைக் கெடுத்தபின் பிரேசில், பிறகு சீனா. இன்று உலகச் சந்தையின் இயற்கை மென்தாலில் பெரும்பங்கு இந்தியாவினுடையது. அதில் பெரும்பங்கு உத்தரப் பிரதேசம்.

வங்கி வேலை என்னைக் கொண்டுவந்து போட்டிருக்கும் லக்னோவுக்குப் பக்கத்து மாவட்டம்தான் பாராபங்கி. மே, ஜூனில் அந்தப் பக்கம் போனால் ஊரே விக்ஸ் டப்பாவைத் திறந்த மாதிரி மணக்கும். கோதுமைக்கும் நெல்லுக்கும் இடையில் கிடைக்கும் நூறு நாளில் மென்தா போடுகிறார்கள். அறுத்த தழையை வயலோரத்து இரும்பு 'டங்கி'யில் அடைத்து, கீழே தீ மூட்டி, ஆவியைக் குளிர வைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். கேனில் ஊற்றி வைத்தால் கைக்காசு மாதிரி. கல்யாணம், பள்ளிக் கட்டணம், நம் கடன் தவணை எல்லாம் அதில்தான். லக்னோவில் உள்ள மருந்து-மணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் சிமாப் வெளியிட்ட 'கோசி' போன்ற ரகங்கள் இதைப் பரப்பின.

இங்கே விவசாயிகள் இதை 'பிப்பர்மின்ட்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் செடி பெப்பர்மின்ட் அல்ல, ஜப்பான் புதினா. பெயரிலேயே ஒரு லேபிள் குழப்பம்! கடும் கோடையில் வளர்வதால் தண்ணீரை மடமடவென்று குடிக்கும் பயிர். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அத்தோடு போட்டிக்குத் தொழிற்சாலை மென்தால். ஜப்பானில் அந்த முறைக்கு அடிப்படை போட்ட ரியோஜி நோயோரிக்கு 2001ல் நோபல். 2012ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியும் களத்தில் இறங்கியது. மூலக்கூறு இரண்டிலும் ஒன்றுதான், நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. பாராபங்கி விவசாயியின் பாஸ்புக்குக்குத் தெரியும்.

நம் அடுப்படியில்

இவ்வளவும் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தது. 23ல், தினம் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் சாப்பிட்டாலே ஈயமோ காட்மியமோ அவர்கள் வைத்துக்கொண்ட அளவைத் தாண்டியது. காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுவது. ஈயம் பெரும்பாலும் விதையைக் காயவைக்கும்போது தூசியாக ஒட்டுவது. யாரும் கலக்கவில்லை. ஆனால் நாம் 'ஹெல்தி' என்று வாங்கும் அதே டார்க் சாக்லேட். இதை எந்த மிக்ஸியும் எந்த நல்ல மனசும் கண்டுபிடிக்காது, ஆய்வுக்கூடம்தான் கண்டுபிடிக்கும்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். வீட்டில் செய்வது நல்லது. சர்க்கரையின் அளவு நம் கையில், வனஸ்பதி கிடையாது, குழந்தைகளுக்கும் சந்தோஷம். ஆனால் நம் அடுப்படி, கணக்கில் கடைசி வரி. அதற்கு முன்னால் உள்ள வரிகளைச் சரிபார்ப்பது சட்டம், பரிசோதகர், நேரில் போய்ப் பார்த்து எழுதும் பத்திரிகைக்காரர். 'வீட்டில் செய்தால் போதும்' என்று எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டால் சந்தையைக் கேட்க ஆள் இருக்காது. நம் நாட்டில் 1954ல் கலப்படத் தடைச் சட்டம், 2006ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தன. பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருக்கும். அதைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் புகார் கொடுங்கள். ஹம்பக் பில்லி மாதிரி தள்ளுபடி கேட்காதீர்கள்.

வெறும் வரலாறு சொல்லி அனுப்பினால் உதைப்பீர்கள், எனவே செய்முறை. பேரீச்சம்பழம் 200 கிராம், வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து வடியுங்கள். வறுத்த பாதாம் 100 கிராம் கொரகொரப்பாகப் பொடித்து, கோகோ பொடி 3 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்து எல்லாவற்றையும் சேர்த்து அரையுங்கள். கோகோவில் கார உப்பு சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். பெப்பர்மின்ட் எண்ணெய் 'உணவுக்கு' என்று போட்டதாக இருக்கட்டும், வாசனைக்கு விற்கும் தைலம் வேண்டாம். இரண்டே சொட்டு, மூன்றானால் பற்பசை. கைக்குழந்தைகளுக்கும் சின்னஞ்சிறுசுகளுக்கும் எண்ணெய் சேர்க்காமல் உருட்டித் தனியாக வையுங்கள்.

இன்னொன்று. பேரீச்சையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். நார்ச்சத்தோடு வருகிறது என்பது உண்மை, சர்க்கரையே இல்லை என்பது ஹம்பக். நாளுக்கு ஓர் உருண்டை, அவ்வளவே. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு நாளைத் தாண்டியதில்லை, அதனால் அந்த வவுச்சரில் மட்டும் என்னால் கையெழுத்துப் போட முடியாது.