நெல்லளந்த வக்ஃபுகள்

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, மூலத்தை நிறுத்தி வைத்து விளைவைத் தர்மம் செய்யுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்நிலம் விற்கப்படலாகாது, அன்பளிப்பாகவோ வாரிசுரிமையாகவோ கைமாறலாகாது, அதன் பலன் ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் சேர வேண்டும். வக்ஃபின் ஊற்றுக்கண் இந்த நபிமொழியே. இதில் கட்டளைகள் இரண்டு. மூலத்தைக் காப்பதை நம் சமுதாயம் நெஞ்சில் பதித்துக்கொண்டது. விளைவைச் சேர்ப்பிப்பதைத் தஞ்சைத் தரணியில் நாம் எவ்வளவு மறந்தோம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காவிரிப் படுகையில் அறத்திற்கு அளவை நெல்தான். கோயிலாயினும் சத்திரமாயினும் பள்ளிவாசலாயினும், நஞ்சையை எழுதி வைத்து அதன் வாரத்தால் நடத்துவதே இங்கு மரபு. இரண்டாம் சரபோஜி மன்னர் 1802இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோற்றோடு கல்விக்கும் மருத்துவத்துக்கும் ஏற்பாடு இருந்தது. நாகூர் தர்காவின் 131 அடி உயர மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் (1739–1763). அவர் மகன் துளஜா அத்தர்காவுக்கு விளைநிலங்களை மானியமாக அளித்தார். கொடுத்தவர் சமயம் வேறு, பெற்ற தலம் வேறு, முறை ஒன்றே. 1858இல் ஆங்கிலேயர் அமைத்த இனாம் கமிஷன்கூட அறநிலை இனாம்களை உறுதிப்படுத்துகையில், குறித்த பணி நடைபெறும் வரை என்ற நிபந்தனையோடுதான் உறுதிப்படுத்தியது.

நாம் ஓதிய மத்ரஸாவில் சம்பா அறுவடை முடிந்ததும் மாட்டு வண்டிகள் வாசலில் வந்து நிற்கும். மரக்காலால் அளந்து குதிரில் கொட்டும் ஓசை பாட அறைக்குக் கேட்கும். அன்று உஸ்தாதும் சற்று முன்னதாகவே கிதாபை மூடிவிடுவார். நாம் ஓதி முடித்து வெளியேறுவதற்குள் அவ்வண்டிகள் நின்றுவிட்டன. அரிசி கடையிலிருந்து வந்தது. அதற்குரிய பணம் ரமளானில் வெளிநாடுகளிலிருந்து வந்த சதக்காவிலிருந்து வந்தது. நிலம் எங்கும் போகவில்லை.

காரணத்தை நிலச் சட்டங்களின் மீது சுமத்துவோர் உண்டு. 1952இல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கையேனும் உறுதிசெய்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் நஞ்சையில் நிலவுடைமையாளர் பங்கை நூற்றுக்கு 40 என்று வரையறுத்தது; பின்னர் அது 25 ஆயிற்று. பொது அறக்கட்டளைகளின் விளைநிலங்களுக்கென 1961இல் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் உழுதவனுக்கு நியாயமான பங்கு கிடைத்ததை வக்ஃபுக்கு நேர்ந்த இழப்பாக எண்ண நம் மனம் ஒப்பவில்லை. கால் பங்கும் நெல்லாகவே வந்திருந்தால், விலையேற்றம் பிள்ளைகளின் உணவை இந்த அளவுக்குத் தொட்டிருக்காது. என்றோ பேசிய ரொக்கத்தையே ஆண்டுதோறும் பெற்றுக்கொண்டு, சில ஆண்டுகளில் அதையும் கேட்காமல் விட்டது யார்? 2012 முதல் 2019 வரை மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படாமல் குறுவை பொய்த்ததை நாம் அறிவோம். அவ்வாண்டுகளின் நிலுவைக்கு விளக்கம் உண்டு. நல்ல மகசூல் கண்ட ஆண்டுகளுக்கு என்ன விளக்கம்?

நிலத்தை மாற்றி வேறு வருவாய் தேடலாமே என்பர். ஃபிக்ஹில் இதற்கு ‘இஸ்திப்தால்’ என்று பெயர். உள்நாட்டு ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் காழியின் அனுமதியோடு இதற்கு ஓரளவு இடமுண்டு. நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபோ இதில் மிகக் கண்டிப்பானது. விற்பனை, பரிமாற்றம், அடமானம் அனைத்தையும் தடுத்த 2013ஆம் ஆண்டு வக்ஃபுத் திருத்தச் சட்டம், அறிந்தோ அறியாமலோ, ஷாஃபிஈகளின் நிலைக்கு நெருங்கி வந்துவிட்டது! ஆகவே இருக்கும் நிலத்தின் விளைவைச் சீர்செய்வதைத் தவிர வேறு வழி குறைவு.

விளைவைப் புதிய தேவைக்குத் திருப்பிய முன்மாதிரியும் இம்மாவட்டத்திலேயே உண்டு. அதிராம்பட்டினத்தில் 1955இல் காதிர் முகைதீன் கல்லூரியைத் தொடங்கியது எம்.கே.என். மதரஸா டிரஸ்ட். மதரஸாவின் பெயரைத் தாங்கிய அறக்கட்டளை கலைக் கல்லூரி நடத்துவது வாகிஃபின் நிபந்தனைக்கு ஒத்ததா என்ற வினா எழலாம். பயனுள்ள கல்வி எதுவும் அதற்கு அயலானதன்று என்பது நம் கருத்து.

2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தை அடுத்து, வக்ஃபுச் சொத்துக்களை உமீத் இணையதளத்தில் ஆறு மாதங்களுக்குள் பதிவேற்ற வேண்டியதாயிற்று. அப்போது ஒரு முத்தவல்லி பழைய வக்ஃபுப் பத்திரம் ஒன்றைப் படித்துச் சொல்லுமாறு நம்மிடம் கொண்டுவந்தார். வேலிக்கணக்கையும் எல்லைகளையும் கண்டு சர்வே எண்ணோடு பொருத்திக் கொடுத்தோம். மகிழ்ந்து எழுந்தவரை அமரச் செய்து அடுத்த பத்தியையும் வாசித்தோம்: ஓதும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இத்தனை கலம் நெல். இப்போது குத்தகை எவ்வளவு வருகிறது என்று கேட்டோம். கணக்குப் பிள்ளையைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றார்.