விளையாட்டுக் களமும் படப்பிடிப்பாளரின் பையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு காலத்தின் தொழில்நுட்பத்தை அறிதற்கு அக்காலத்து நூல்களை ஆராய்வது ஒரு வழி. அக்காலத்தவர் தொழிலின்பொருட்டுச் சுமந்து சென்ற பொருள்களை ஆராய்வது பிறிதொரு வழி. விளையாட்டுக் களத்திற்குச் செல்லும் படப்பிடிப்பாளரின் பை இவ்வகை ஆய்விற்கு மிகவும் ஏற்றது. அப்பையினுள் எவை வைக்கப்பட்டன, எவை காலப்போக்கில் நீக்கப்பட்டன, எது என்றும் நீக்கப்படலாகாது என்னும் வினாக்களுக்கு விடை காண முற்படின், விரைவைக் கைப்பற்றுதற்கு மனிதன் மேற்கொண்ட முயற்சியின் வரலாறு புலனாகும். திருகோணமலை வீதியும் பதுளை வீதியும் சந்திக்கும் செங்கலடியில் ஒரு நாள் நடைபெறும் விளையாட்டுப் போட்டியைப் படம்பிடிக்கச் செல்பவர் எதனைக் கொண்டு செல்லல் வேண்டும் என்பதும் அவ்வரலாற்றின் ஒளியிலேயே தெளிவாகும்.

புகைப்படக்கலை உலகறியப் பிரகடனம் செய்யப்பட்டது 1839இலாகும். அன்று ஒரு படத்தைப் பதிவுசெய்தற்குப் பல நிமிடங்கள் வேண்டப்பட்டன. ஆகவே ஓடுபவனோ தாண்டுபவனோ படத்தில் விழுதல் இயலாததாயிற்று. விழுந்தாலும் வெறும் புகைபோலவே தோன்றினான். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஹில், அடம்சன் ஆகிய இருவரும் 1843ஆம் ஆண்டளவில் எடுத்த ஒரு படத்தில் மட்டையேந்திய விளையாட்டு வீரர் ஒருவர் காணப்படுகின்றார். அவர் பந்தை அடிப்பவர்போல அசையாது நின்றவரேயன்றி உண்மையில் அடித்தவர் அல்லர். விளையாட்டுப் படத்தின் வரலாறு இவ்வாறு நடிப்பிலேயே தொடங்குகின்றது.

1850களில் ஈரத்தகட்டு முறை வழக்கிற்கு வந்தது. பதிவு நேரம் சில நொடிகளாகக் குறைந்தது; ஆயின் சுமை பெருகிற்று. கண்ணாடித் தகட்டின்மீது மருந்தைப் பூசி, அது காயுமுன்னரே படமெடுத்து, அவ்விடத்திலேயே கழுவியெடுத்தல் வேண்டும். எனவே கண்ணாடித் தகடுகள், மருந்துப் போத்தல்கள், தண்ணீர், இருட்டுக்கூடாரம் ஆகிய யாவும் படப்பிடிப்பாளருடன் பயணஞ் செய்தன. 1855இல் கிரிமியப் போர்க்களத்திற்குச் சென்ற ரொஜர் பென்ரன் இவற்றுக்கென ஒரு வண்டியையே கொண்டு சென்றார். அக்காலத்தில் படப்பிடிப்பாளரின் 'பை' என்பது ஒரு மாட்டுவண்டிச் சுமைக்கு நிகரானது எனின் மிகையாகாது.

இத்தடைகளுக்கிடையே நிகழ்ந்த பெருஞ்சாதனை மைபிரிட்ஜ் என்பாரது முயற்சியாகும். 1878 யூன் மாதம் கலிபோர்னியாவின் பாலோ அல்ரோவில் ஓட்டப்பாதையோரம் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக நிறுத்தி, குதிரை ஓடிவருகையில் கம்பிகள் இடறுண்டு ஒவ்வொரு கமராவும் இயங்குமாறு அவர் அமைத்தார். பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணத்தில் நிலத்தைவிட்டு நீங்குகின்றன என்பது அதனால் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது. ஓவியர்கள் நூற்றாண்டுகளாக வரைந்துவந்த தோற்றம் பிழையென்பதும் தெளிவாயிற்று. விளையாட்டுப் படம் கண்ணுக்கு விருந்து மாத்திரமன்று, கண்ணைத் திருத்தும் கருவியுமாகும் என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது.

1871இல் மடொக்ஸ் முன்மொழிந்த உலர்தகட்டு முறை பின்னர் திருத்தம்பெற்று வழக்கிற்கு வந்தபோது இருட்டுக்கூடாரம் பையிலிருந்து நீங்கிற்று. 1888இல் ஈஸ்ற்மனின் கொடாக் கமரா நூறு படங்களுக்குரிய சுருளுடன் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தில் ஜோர்ஜ் பெல்டம், 1905இல் சி. பி. பிரையுடன் இணைந்து வெளியிட்ட துடுப்பாட்ட நூலிலே ரஞ்சித்சிங்ஜி முதலிய ஆட்டக்காரர்கள் பந்தை அடிக்கும் நிலைகள் படங்களாக இடம்பெற்றன. துடுப்பின் வீச்சையும் பாதத்தின் நகர்வையும் மாணாக்கன் ஏட்டிற் பயிலத்தக்க நிலை அதனால் உருவாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பெருமாற்றம் 1925இல் லைப்சிக் கண்காட்சியில் லைக்கா கமரா அறிமுகமானதுடன் நிகழ்ந்தது. ஒஸ்கார் பர்நாக் வடிவமைத்த இக்கருவி சட்டைப்பையில் அடங்கத்தக்கது. ஒரு சுருளில் முப்பத்தாறு படங்களைத் தரவல்லது. 1936 பெர்லின் ஒலிம்பிக் போட்டியையொட்டிச் சைஸ் நிறுவனம் 180 மில்லிமீற்றர்க் குவியத்தூரமுடைய ஒளிமிகு வில்லையொன்றை ஆக்கிற்று. 'ஒலிம்பியா சொனார்' எனப் பெயர்பெற்ற அவ்வில்லை, தொலைவில் நிற்போரை அண்மையிற் கொணரும் நெடுவில்லை விளையாட்டுப் படப்பிடிப்பாளரின் பையில் நிலையான இடம்பெறப்போவதை முன்னறிவித்தது.

இவ்விடத்தில் ஒரு கணக்கு நோக்குதற்குரியது. விரைவோட்ட வீரன் நொடிக்கு ஏறத்தாழப் பத்து மீற்றர் ஓடுகின்றான். கமராவின் திரை ஐம்பதில் ஒரு பங்கு நொடி திறந்திருப்பின் அதற்குள் அவன் இருபது சதமமீற்றர் நகர்ந்துவிடுவான், முகம் கலங்கிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியாயின் நகர்வு ஒரு சதமமீற்றரே, முகம் தெளிவுபெறும். ஆனால் அத்துணைக் குறுகிய நேரத்திற் புகும் ஒளி மிகச் சொற்பம். ஆகவே அகன்ற வில்லை அல்லது ஒளியுணர்வு மிக்க படச்சுருள் தேவையாகின்றது. 1954இல் கொடாக் நிறுவனத்தின் டிரை-எக்ஸ் சுருள் 35 மில்லிமீற்றர் அளவில் வெளிவந்தமையும், 1959இல் வந்த நிக்கொன் எப் கமராவுடன் சுருளைத் தானே நகர்த்தும் மோட்டார் இணைக்கப்பட்டமையும் இத்தேவைக்கு விடையாயின. நொடிக்கு மூன்று நான்கு படங்கள் எடுக்க இயன்றது. ஆயின் பத்து நொடியளவில் முழுச்சுருளும் தீர்ந்துவிடும்; ஆதலாற் பையிற் சுருள்களின் தொகை பெருகிற்று.

கருவியின் விரைவு பெருகினும் காத்திருத்தலின் அருமை குறையவில்லை. 1965 மே 25ஆம் நாள் அமெரிக்காவின் லூயிஸ்ரன் நகரிற் சொனி லிஸ்ரனை வீழ்த்தி நின்ற முகம்மது அலியை நீல் லைபர் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. மேடைக்கு மேலே பொருத்தப்பட்ட மின்னொளி விளக்குகள் மீண்டும் ஆற்றல்பெறச் சில நொடிகள் வேண்டியிருந்தமையால் அக்கணத்திற்கு அவருக்குக் கிடைத்தது ஒரே படம். அலியின் கால்களுக்கிடையே எதிர்ப்புறத்தில் மற்றொரு படப்பிடிப்பாளர் தோன்றுகின்றார். அவர் நின்ற பக்கத்திற்கு அலி முதுகைக் காட்டி நின்றார். நிற்கும் இடமும் ஒரு கருவியே என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

மட்டக்களப்புப் பிரதேசத்தின் மரபுவழி விளையாட்டான கொம்புமுறியும் இத்தகைய காத்திருத்தலை வேண்டுவது. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த இவ்விளையாட்டில் வடசேரி, தென்சேரி என ஊர் இரு பக்கமாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவப்பட்ட இரு வளைந்த கொம்புகளைக் கயிறு கட்டி எதிரெதிரே இழுப்பர். ஒரு கொம்பு முறியும் கணமே வெற்றி தோல்வியின் கணம். அது எப்போது வருமென எவரும் கூறவியலாது. வந்தபின் இரண்டாம் முறை வருவதுமில்லை. கொம்பைப் பார்ப்பதா, இழுப்போர் முகத்தைப் பார்ப்பதா என்பதை முன்னரே தீர்மானித்துக்கொண்டவருக்கே படம் வாய்க்கும். இரு கமராக்களைப் பையிற் கொண்டு செல்லும் வழக்கத்தின் நியாயமும் இதுவேயாகும்: ஒன்றில் நெடுவில்லை, மற்றதில் அகல்வில்லை, கணம் வந்தபின் வில்லையை மாற்ற அவகாசமில்லை.

செங்கலடியின் தட்பவெப்பமும் பையின் உள்ளடக்கத்தை நிர்ணயிக்கின்றது. ஏறத்தாழ 7.8 பாகை வட அகலக்கோட்டில் அமைந்த இவ்வூரில், சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாள்களிலும் செப்ரெம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் ஞாயிறு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். வழுக்குமரம் ஏறுதல், முட்டி உடைத்தல், கயிறிழுத்தல் முதலிய புத்தாண்டு விளையாட்டுகள் அவ்வெயிலிலேதான் நடைபெறுகின்றன. உச்சி வெயிலிற் புருவத்தின் நிழல் கண்களை மறைக்கும். வெள்ளைச் சட்டை மிதமிஞ்சி ஒளிர, கரிய முகம் இருளில் அமிழும். ஆதலால் நிழலை நிரப்பும் சிறு மின்னொளி விளக்கு இங்கு பகலிலேயே தேவைப்படும். அன்றேல் காலையும் மாலையும் நடைபெறும் போட்டிகளையே முதன்மையாகக் கொள்ளல் வேண்டும்.

பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் முதலாந் தவணையில் நடைபெறுபவை. வடகீழ்ப் பருவமழை முற்றாக ஓயாத காலம் அது. ஆகவே மழையுறையோ பொலித்தீன் பையோ இன்றியமையாதது. கடலையும் வாவியையும் அண்டிய பிரதேசமாதலின் காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருக்கும். மைதானத்திலிருந்து மணல் எழும். மென்மையான பருத்தித்துணி, தூசு ஊதும் கருவி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஆகியன வேண்டப்படுவது இதனாலேயே. சிலிக்கா ஜெல் கிடையாதவிடத்து, நன்கு வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைத்தலும் பயன்தரும். நெடுவில்லையின் பாரத்தைத் தாங்கும் ஒற்றைக்கால் தாங்கி, தொப்பி, குடிதண்ணீர் ஆகியனவும் ஒதுக்கற்பாலன அல்ல. நண்பகலிற் சோர்ந்த கை மாலை நிகழும் இறுதி அஞ்சலோட்டத்தில் நடுங்கும்.

பொருளாதாரமும் அரசியலும் பையினுள் நுழைந்த காலங்களும் உண்டு. 1970 முதல் 1977 வரை இலங்கையில் நிலவிய கடும் இறக்குமதிக் கட்டுப்பாடு, பிறநாட்டுப் பண்டமான படச்சுருளை அரும்பொருளாக்கிற்று. அந்நிலையில் ஒரு நாட் போட்டிக்குரிய படங்களை எண்ணியெண்ணியே எடுத்தல் வேண்டும். போர்க்காலத்திற் கமராவைத் தோளிற் சுமந்து சோதனைச் சாவடியைக் கடத்தலே ஐயத்திற்குரிய செயலாயிற்று. வடபகுதிக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் மின்கலமும் ஒன்றாயிருந்தது.

1991இற் கொடாக் நிறுவனம் வெளியிட்ட எண்முறைக் கமராவிற்கெனத் தனியான சேமிப்புக் கருவியொன்றைத் தோளிற் சுமத்தல் வேண்டும். அதில் அடங்கியவை நூற்றைம்பத்தாறு படங்களே. 1999இல் நிக்கொன் டி1 வந்தபின் செய்தித்தாள்களின் விளையாட்டுப் படப்பிடிப்பு விரைந்து மாறிற்று. இன்று விரல்நுனியளவான அட்டையொன்றில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்குகின்றன. சுருள்கள் இருந்த இடத்தை அட்டைகளும் மேலதிக மின்கலங்களும் பெற்றுள்ளன. கைத்தொலைபேசியே போதுமெனக் கொள்வாரும் உளர். இவ்வாறு வண்டிச்சுமை கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது.

எனினும் சுமை குறைந்தமையால் நினைவு பெருகிற்று எனக் கொள்ளலாகாது. இதனை உணர்தற்கு இலங்கையின் பழைய படப்பிடிப்பு நிலையங்களின் மரபை நோக்குதல் தகும். 1890இற் கொழும்பில் தொடங்கப்பெற்ற பிளேற்றே முதலாக, சிறுநகர நிலையங்கள் ஈறாக, பாடசாலை அணிகளைப் படமெடுத்த முறை ஒன்றே. கேடயம் நடுவில், தலைவரும் அதிபரும் நாற்காலியில், ஏனையோர் கைகட்டிப் பின்வரிசையில். அப்படத்தில் ஆட்டமில்லை, ஓட்டமில்லை. ஆனால் அடியில் ஒவ்வொருவர் பெயரும் இடமிருந்து வலமாக அச்சிடப்பட்டிருக்கும். பின்னர் வந்த விரைவுப் படங்களில் ஓட்டமும் தாண்டலும் உயிர்பெற்றன, பெயர்கள் மறைந்தன. பழைய படம் பெயரைக் காத்து ஆட்டத்தை இழந்தது. புதிய படம் ஆட்டத்தைக் காத்துப் பெயரை இழந்தது.

இரண்டும் ஒருங்கே வேண்டுமென்பதற்கு ஒரு சான்று காட்டலாம். 1958இல் ரோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் தாண்டித் தங்கப்பதக்கம் பெற்றார் என்பதைப் பதிவேடு கூறும். கோலின்மேல் உடல் எவ்வாறு திரும்பிற்று என்பதைப் படம் ஒன்றே கூறவல்லது. 1968இல் மெக்சிக்கோவில் பொஸ்பரி முதுகுப்புறமாகத் தாண்டி வென்றபின் அக்கலை முற்றாக மாறிற்று. மாறுதற்கு முன்னிருந்த முறைகளை வரலாற்று மாணவன் கற்பது படங்களின் துணைகொண்டே.

மட்டக்களப்புப் பிரதேசத்தில் இக்கடமை மேலும் அழுத்தம் பெறுகின்றது. 1978 நவம்பர்ச் சூறாவளி, 1990இன் வன்முறையும் இடப்பெயர்வும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலை, 2011 சனவரி வெள்ளம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த அழிவுகளில் வீடுகள் மட்டுமன்றி வீட்டுச் சுவர்களும் பெட்டிகளும் காத்துவந்த படங்களும் அழிந்தன. குடும்பத்தின் படத்தொகுதி அழிந்தவிடத்து, பாடசாலையின் விளையாட்டுப் படமொன்றில் மூன்றாம் ஒழுங்கையில் ஓடும் சிறுவனின் உருவமே அவனைப் பற்றிய ஒரே உருவச் சான்றாதலும் கூடும். அப்படத்தின் பின்புறம் பெயர் எழுதப்படவில்லையெனின், அவனை அறிந்தோர் உள்ளவரையே அது அவனுடைய படம். அவர்கள் மறைந்தபின் யாரோ ஒரு சிறுவனின் படம்.

ஆகவே படப்பிடிப்பாளரின் பையில் இறுதியாக வைக்கவேண்டியதும் முதலாவதாக மதிக்கவேண்டியதும் ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலுமேயாகும். மழையில் மை கரையும். பென்சில் எழுத்துக் கரையாது. அன்றைய நிகழ்ச்சி நிரலின் பிரதியொன்றைப் பெற்று, போட்டியாளரின் இலக்கம், பெயர், இல்லம், நிகழ்ச்சி, நேரம் ஆகியவற்றை அவ்வப்போது குறித்தல் வேண்டும். மாலையில் மைதானத்தை விட்டு நீங்குமுன் விளையாட்டு ஆசிரியரிடம் அவற்றைச் சரிபார்த்தல் வேண்டும். படங்களின் பிரதிகள் ஒரே இடத்தில் இருத்தலாகாது; பாடசாலையில் ஒன்றும் வேறோர் ஊரில் ஒன்றுமாக இருத்தல் நன்று. 1981இல் அண்மையிலுள்ள வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தின் மாணாக்கருக்கு இது ஏற்றதொரு பணியாகும். செங்கலடியின் ஒரு நாள் விளையாட்டுப் போட்டி பெயர்களோடு பதிவாகுமாயின், அது அப்பிரதேச வரலாற்றின் ஓர் ஏடாக நிலைபெறும்.