சென்னைத் துறைமுகம் எழுதி வைத்த செய்தி

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாக நடந்து செல்வோர், தம் காலடி நிலம் அசைவற்றது என்றே எண்ணுவர். நிலநூலார் கூற்று வேறு. இக்கரை, இந்தியப் புவித்தட்டு என்னும் மாபெரும் பாறைப் பலகையின் மேல் அமைந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்த இந்நிலம், பிளந்து வடக்கே நகரலாயிற்று. அப்பிளவின் ஓரமே நம் சோழமண்டலக் கரை. இன்றும் அத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கின்றது.

நகரும் தட்டு எங்கேனும் முட்டத்தானே வேண்டும்? வடக்கே ஆசியாவோடு முட்டி இமயத்தை எழுப்பிற்று. கிழக்கே அந்தமான், நிகோபார், சுமத்ரா தீவுகளின் ஓரத்தில் அண்டைத் தட்டின் அடியிற் புகுகின்றது. அங்கே பாறைகள் எளிதில் வழுக்குவதில்லை. பல்லாண்டுகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும். அழுத்தம் மிகுந்து பிடி நழுவும்போது மேல்தட்டின் விளிம்பு துள்ளி எழும். கடலடி உயர, அதன் மேலுள்ள நீரும் உயர்ந்து அலையாகப் பரவும். அதுவே கடற்கோள்.

1881 டிசம்பர் 31 அன்று காலை கார் நிகோபார் அருகே அத்தகைய நடுக்கம் ஒன்று நேர்ந்தது. சென்னையிலும் அதிர்வு உணரப்பட்டது. கடலின் ஏற்ற வற்றத்தைப் பதிந்துகொண்டிருந்த இங்குள்ள கருவி, பின்னால் வந்த சிற்றலைகளையும் பதிந்தது. நிலநூலறிஞர் ஆர்.டி. ஓல்டாம் 1884இல் அந்நடுக்கம் குறித்து எழுதினார். அறிஞர் ஏட்டில் நின்ற அச்செய்தி கரைவாழ் மக்களின் நினைவில் நிற்கவில்லை.

123 ஆண்டுகள் கடந்தன. தட்டு ஏறத்தாழ 6 மீட்டர் நகர்ந்திருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே தொடங்கிய முறிவு, அந்தமான் வரை சுமார் 1300 கிலோமீட்டர் ஓடிற்று. ஒன்பது மணியளவில் அலை சென்னையை அடைந்தது. இடையே இரண்டரை மணி நேரம் இருந்தது; எச்சரிக்க ஓர் ஏற்பாடு இல்லை! காசிமேட்டில் படகுகள் நொறுங்கின. எண்ணூர்வரை மீனவர் குடியிருப்புகள் அல்லலுற்றன. தமிழகத்தில் ஏறத்தாழ 8000 பேர் மாண்டனர். நம் மரக்காயர்கள் முன்னாளில் பாய்விரித்துச் சென்று வணிகம் செய்த அச்சே நாட்டிலோ, மாண்டோரும் காணாமற் போனோரும் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அக்கப்பல்கள் சென்ற கடல்வழியே அலையும் வந்தது.

2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் மீண்டும் பெருநடுக்கம், சென்னையும் அதிர்ந்தது. அம்முறை பாறைகள் பக்கவாட்டில் நழுவியமையால் பேரலை எழவில்லை.

தட்டு நிற்கப் போவதில்லை. ஆதலின் நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, வேடிக்கை பாராது மேட்டுக்கு ஓடுக என்று கரையோரக் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். 1881இன் செய்தியை நமக்குச் சொல்வாரில்லை. 2004இன் செய்தியைச் சொல்ல நாம் இருக்கிறோம்.