டெஸ்டினி 2

டெஸ்டினி 2 என்பது ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பன்ஜி நிறுவனம் உருவாக்கிய முதல்நபர் சுடும் நிகழ்பட ஆட்டம் ஆகும். இது 2014 ஆம் ஆண்டு வெளிவந்த டெஸ்டினி என்ற ஆட்டத்தின் தொடர்ச்சியாகும். 2017 செப்டம்பர் 6 அன்று பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கருவிகளுக்கும், அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று கணினிகளுக்கும் வெளியிடப்பட்டது. வெளியீட்டுக்குப் பின்னரும் பல ஆண்டுகள் தொடர்ந்து மாற்றப்பட்டு, ஒரு சேவையாக நடத்தப்பட்டமையால், இவ்வகை ஆட்டங்களின் சிறப்புகளையும் குறைகளையும் அறிந்துகொள்ள இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

தொடர்சேவை ஆட்டம்

முற்காலத்தில் நிகழ்பட ஆட்டங்கள் இறுவட்டுகளில் விற்கப்பட்டன. வாங்கியவர் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதே ஆட்டத்தை விளையாட முடிந்தது. தொடர்சேவை ஆட்டங்களிலோ ஒரு பகுதி ஆட்டக்காரரின் கருவியிலும் மற்றொரு பகுதி நிறுவனத்தின் வழங்கிகளிலும் இயங்குகின்றது. எனவே இணைய இணைப்பு இன்றி டெஸ்டினி 2 ஐ விளையாட இயலாது. ஓர் ஆயுதத்தின் வலு, எதிரிகளின் கடுமை, பரிசு கிடைக்கும் வாய்ப்பு முதலியவற்றை நிறுவனம் விரும்பிய பொழுது மாற்றலாம். வருவாயும் ஒருமுறை விற்பனையுடன் நின்றுவிடுவதில்லை. விரிவாக்கங்கள், பருவச் சீட்டுகள், அலங்காரப் பொருட்கள் ஆகியவற்றின் மூலம் அது தொடர்ந்து ஈட்டப்படுகின்றது.

ஆட்டமுறை

ஆட்டக்காரர் மனித இனத்தைக் காக்கும் காவலர் ஒருவரின் பாத்திரத்தை ஏற்கிறார். டைட்டன், ஹண்டர், வார்லாக் என்னும் மூன்று வகைகளில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கலாம். எதிரிகளை வீழ்த்துவதன் மூலம் ஆயுதங்களும் கவசங்களும் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு மேலும் கடினமான பணிகளில் ஈடுபட முடிகின்றது. குழுப் பணிகள் பலவற்றில் மூவர் சேர்ந்து ஆடுவர். ரெய்டு எனப்படும் மிகக் கடினமான பணிகளுக்கு அறுவர் தேவை.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வாராந்தரப் பரிசுகள் மீளமைக்கப்படுவது இவ்வாட்டத்தின் முக்கியமான வழக்கமாகும். நண்பர்கள் வாரந்தோறும் ஒன்றுகூட இது ஒரு காரணமாக அமைந்தது. அதே வேளை, ஒரு வாரம் தவறினாலும் பின்தங்கிவிடுவோம் என்ற எண்ணத்தையும் இது பலரிடம் உண்டாக்கியது.

வரலாறு

தொடக்கத்தில் இவ்வாட்டத்தை ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்டது. 2019 சனவரியில் இரு நிறுவனங்களும் பிரிவதாக அறிவித்தன. 2019 அக்டோபர் 1 முதல் அடிப்படை ஆட்டம் இலவசமாக வழங்கப்பட்டது. 2022 சனவரியில் சோனி நிறுவனம் பன்ஜியை 3.6 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்க இருப்பதாக அறிவித்தது. அக்கொள்முதல் அதே ஆண்டு சூலையில் நிறைவேறியது. போர்சேக்கன் (2018), பியாண்ட் லைட் (2020), தி விட்ச் குயின் (2022), லைட்பால் (2023), தி பைனல் சேப் (2024) என்பன முக்கியமான விரிவாக்கங்களுள் சிலவாகும்.

கூட்டு அனுபவம்

பலர் ஒரே காலத்தில் ஒரே நிகழ்வில் பங்கேற்பதே இவ்வகை ஆட்டத்தின் பெரும் சிறப்பாகும். 2018 செப்டம்பரில் லாஸ்ட் விஷ் என்ற ரெய்டு திறக்கப்பட்டது. அதை முதலில் முடித்த குழுவுக்கு ஏறத்தாழ 19 மணி நேரம் தேவைப்பட்டது. அக்குழு வென்றவுடன், டிரீமிங் சிட்டி என்னும் பகுதி எல்லா ஆட்டக்காரர்களுக்கும் மாற்றமடைந்தது. அறுவரின் செயல் மற்ற அனைவரின் உலகையும் மாற்றுவது இறுவட்டில் விற்கப்பட்ட ஆட்டங்களில் இயலாத ஒன்றாகும்.

தளபதி சவாலா என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகர் லான்ஸ் ரெடிக் 2023 மார்ச் 17 அன்று காலமானார். அதன்பின் ஆட்டக்காரர்கள் பலர் ஆட்டத்தில் சவாலா நிற்கும் கோபுரத்துக்குச் சென்று, அவர் முன் வரிசையாக நின்று வணக்கம் செலுத்தினர். பின்னர் கீத் டேவிட் அப்பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார்.

அனுபவப் புள்ளிச் சிக்கல்

2017 நவம்பரில், திரையில் காட்டப்படும் அனுபவப் புள்ளிகளை விடக் குறைவான புள்ளிகளே சில வேளைகளில் கணக்கில் சேர்க்கப்படுவதை ஆட்டக்காரர்கள் தாமே அளந்து கண்டறிந்தனர். இப்புள்ளிகளால் கிடைக்கும் அலங்காரப் பெட்டிகள் பணத்துக்கும் விற்கப்பட்டமையால் கடும் கண்டனம் எழுந்தது. பன்ஜி அம்முறையை நீக்கியது. ஆனால் அதே வேளை ஒரு நிலைக்குத் தேவையான புள்ளிகள் 80,000 இலிருந்து 160,000 ஆக உயர்த்தப்பட்டதும் தெரிய வந்தது. வழங்கியில் நிகழும் கணக்கை ஆட்டக்காரர் நேரடியாகப் பார்க்க முடியாது என்பதே இச்சிக்கலின் அடிப்படையாகும்.

உள்ளடக்கம் நீக்கப்படுதல்

2020 நவம்பரில் பியாண்ட் லைட் வெளியானபோது, 2017 இல் விற்கப்பட்ட ரெட் வார் என்ற முதன்மைக் கதை முழுவதும் நீக்கப்பட்டது. செவ்வாய், புதன் ஆகிய கோள்களும் டைட்டன், அயோ ஆகிய துணைக்கோள்களும் அதனுடன் அகற்றப்பட்டன. ஆட்டத்தின் அளவு மிகவும் பெருகிவிட்டது என்றும், அதனால் வழுக்களைத் திருத்துவதும் புதியவற்றைச் சேர்ப்பதும் கடினமாகிவிட்டன என்றும் பன்ஜி காரணம் கூறியது. 2022 பிப்ரவரியில் போர்சேக்கன் கதையும் நீக்கப்பட்டது. பணம் கொடுத்து வாங்கியவர்களும் இவற்றை ஆட்டத்தில் மீண்டும் விளையாட முடியவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கதையின் தொடக்கமே கிடைக்காமல் போயிற்று.

இந்நீக்கத்தின் விளைவு பின்னர் நிறுவனத்தையே பாதித்தது. ரெட் வார் கதை தம் படைப்பைத் தழுவியது எனக் குற்றஞ்சாட்டி ஓர் எழுத்தாளர் 2024 இல் லூசியானாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். பழைய கதையை இயக்கிக் காட்ட முடியாத நிலையில், பன்ஜி பிறர் பதிவுசெய்த யூடியூப் நிகழ்படங்களையும் ரசிகர்கள் தொகுத்த விக்கிப் பக்கங்களையும் முன்வைத்தது. அவற்றை அந்த நிலையில் ஏற்க இயலாது எனக் கூறி, வழக்கைத் தள்ளுபடி செய்யும் கோரிக்கையை நீதிமன்றம் 2025 மே மாதம் மறுத்தது.

பணிநீக்கங்கள்

2023 அக்டோபரில் பன்ஜி ஏறத்தாழ 100 ஊழியர்களைப் பணிநீக்கம் செய்தது. பத்தாண்டுக் கதையை நிறைவு செய்த தி பைனல் சேப் 2024 சூன் 4 அன்று வெளியாகிப் பாராட்டுகளைப் பெற்றது. இருப்பினும் இரண்டு மாதங்கள் நிறைவடையும் முன்னரே, சூலை 31 அன்று, மேலும் 220 ஊழியர்கள் நீக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இது நிறுவனத்தின் ஊழியர்களில் ஏறத்தாழ 17 விழுக்காடாகும்.

பாதுகாத்தல்

ஒரு நூலையோ திரைப்படத்தையோ நூலகத்தில் சேமிப்பது போலத் தொடர்சேவை ஆட்டத்தைச் சேமிக்க இயலாது. வழங்கியும் அதில் இயங்கும் நிரலும் நிறுவனத்திடம் இருப்பதால், ஆட்டக்காரர் வைத்திருக்கும் கோப்புகள் மட்டும் போதுமானவை அல்ல. நீக்கப்பட்ட ரெட் வார் கதையைக் காண விரும்புவோருக்கு, ஆட்டக்காரர்கள் தம் ஆர்வத்தால் பதிவுசெய்து வைத்த நிகழ்படங்களும் எழுதி வைத்த குறிப்புகளுமே உதவுகின்றன.