விழுப்புண்ணுக்குப் பின்: புனே நகரில் போர்க்காயமுற்ற வீரர்களின் கூட்டு வாழ்வு

முன்னுரை

போர்க்களத்தில் முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை விழுப்புண் எனப் போற்றியது பழந்தமிழ் மரபு. களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் துறைகளாக வகுத்துக் கூறுகிறது. புண்பட்டுக் கிடக்கும் வீரனை இல்லத்தார் காத்து நிற்கும் காட்சியும் புறநானூற்றில் உண்டு. ஆயின், பிழைத்தெழுந்தும் முன்போல் நடக்கவியலாத வீரனின் எஞ்சிய வாழ்நாள் புறப்பாடல்களின் முதன்மைப் பொருளாகவில்லை. அவ்வாழ்நாளைப் பற்றிய வினாவை இருபதாம் நூற்றாண்டில் நேர்நின்று எதிர்கொண்ட நகரம் புனே. அங்குள்ள மூன்று நிறுவனங்களின் வழி, போரில் உடற்குறை உற்ற வீரர்களின் கூட்டு வாழ்வு உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடல் கடந்த போரும் கைத்தொழிலும்

முதல் உலகப்போரில் (1914-1918) பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் பிரான்சு, மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா முதலிய களங்களுக்குக் கடல் கடந்து சென்றனர். ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். புனேயை அடுத்த கிர்க்கியைத் தலைமையிடமாகக் கொண்ட சாப்பர்ஸ் படைப்பிரிவின் இரு கம்பெனிகள், 1914 அக்டோபர் 28 அன்று பிரான்சின் நவ் சப்பல் என்னும் சிற்றூரில் நிகழ்ந்த தாக்குதலில் பேரிழப்பிற்கு உள்ளாயின. கை கால் இழந்து திரும்பியவருள் உழவர் குடியினர் மிகுதி. ஏர் பிடிக்கவியலாத உழவனுக்கு ஊரில் வேறு தொழில் அரிது. ஓய்வூதியம் பசியைத் தணிக்கலாம். குடும்பத்தில் அவன் இழந்த இடத்தை மீட்டுத் தருவதில்லை.

இந்நிலையில், பம்பாய் ஆளுநரின் துணைவியார் வில்லிங்டன் சீமாட்டி 1917-இல் பம்பாயில் குயின் மேரி தொழிற்பள்ளியைத் தொடங்கினார். 1920-களில் அது கிர்க்கிக்கு இடம்பெயர்ந்தது. தையல், தச்சு, இயந்திரப் பணி போன்றவற்றை வீரர்கள் அங்குக் கற்றனர்.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ஆஸ்திரேலியாவில் களத்திலிருந்து திரும்பிய வீரர்கள் 1916-இலேயே தமக்கெனச் சங்கம் கண்டனர். அங்கு வீரன் உறுப்பினன். குடியேற்ற இந்தியாவிலோ அவன் பிறர் அறத்தைப் பெறுபவன். 1919-இல் அமைந்த இந்தியப் படைவீரர் வாரியமும் அரசின் அமைப்பே. கே. எம். கரியப்பாவின் முயற்சியால் முன்னாள் படைவீரர்களின் இந்திய அளவிலான கழகம் உருவானது 1964-இல்தான். அதற்கு முன்பே, தச்சுப் பட்டறையும் தையற்கூடமும் கிர்க்கி வீரர்க்குச் சங்க மன்றமாயின எனலாம்.

செயற்கைக் காலும் மீள்வருகையும்

இரண்டாம் உலகப்போரின்போது, 1944-இல் புனேயின் வானவடிப் பகுதியில் செயற்கை உறுப்பு மையம் நிறுவப்பட்டது. செயற்கைக் கால் ஒருமுறை பொருத்தினால் முடிந்துவிடும் பொருளன்று. வெட்டுண்ட காலின் எஞ்சிய பகுதி நாளடைவில் மெலியும். பொருத்திய உறுப்பும் தேயும். எனவே செப்பனிடவும் புதிது பெறவும் வீரன் மீண்டும் மீண்டும் வரவேண்டியவனாகிறான். படைப்பிரிவும் மொழியும் வேறுபட்டோர் ஒரே குறையால் ஒன்றுகூடும் இடமாகப் புனே அமைந்ததற்கு இத்தேவையும் ஒரு காரணமாகும்.

சக்கர நாற்காலிச் சமூகம்

தண்டுவடம் முறிந்தோர் நிலை இன்னும் கடியது. முற்காலத்தில் அவர்களுட் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் விரைவில் மாண்டனர். 1944 முதல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் வகுத்த சிகிச்சை முறை இந்நிலையை மாற்றியது. அவர் விளையாட்டையும் மருத்துவத்தின் பகுதியாக்கினார்; அதிலிருந்தே பாராலிம்பிக் போட்டிகள் கிளைத்தன. 1965 போரில் குண்டடிபட்ட மராட்டிய வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பெர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்று, அப்போட்டிகளில் இந்தியாவின் முதல் தங்கத்தைப் பெற்றார். பத்மஸ்ரீ விருது அவருக்குக் கிடைத்தது 2018-இல்.

1974-இல் கிர்க்கியில் கீழுடல் செயலிழந்தோர் மறுவாழ்வு மையம் தொடங்கப்பெற்றது. அங்குச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆட்டமும், வாயால் தூரிகை பற்றி ஓவியம் தீட்டும் பயிற்சியும் வளர்ந்தன. உணர்விழந்த உடலைக் குறித்த நேரத்திற்கொருமுறை அசைத்துக் கொள்ளாவிடில் புண் உண்டாகும். இவ்வொழுக்கத்தை மருத்துவர் விதிக்கலாம். நாள்தோறும் நினைவூட்டுபவன் அருகிருக்கும் தோழனே. கூட்டு வாழ்வு இங்குப் பொழுதுபோக்கன்று, உயிர்காக்கும் முறைமையாகும்.

இறந்தோரும் இருப்போரும்

கிர்க்கிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப்போரில் மாண்ட 1,668 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் இறந்த 1,800-க்கும் மேற்பட்டோர் பெயர் தாங்கிய நினைவுச்சின்னமும் அங்குள்ளது. பராமரிக்கவியலாத கல்லறைகளுக்கு உரியோரும் பெயரளவிலேனும் காக்கப்பட்டனர். இது நடுகல் மரபோடு ஒப்புநோக்கத்தக்கது. ஆயின் கல்லுக்குரிய கடன் பெயரைப் பொறிப்பதோடு பெரும்பாலும் நிறைவுறும். உயிரோடிருப்பவனுக்குரிய கடன் நாள்தோறும் புதிதாகிறது.

முடிவுரை

1917, 1944, 1974 என்னும் மூன்று ஆண்டுகளும் போர்களின் நிழலில் அமைந்தவை. முதல் நிறுவனம் தொழிலையும், இரண்டாவது நடையையும், மூன்றாவது சுற்றத்தையும் மீட்டுத்தர முயன்றன. பிறர் அறமாகத் தொடங்கிய முயற்சி, வீரர்கள் ஒருவரையொருவர் தாங்கும் வாழ்வாக முதிர்ந்ததே புனே வரலாறு உணர்த்தும் உண்மை. விழுப்புண்ணைப் பாடிய மரபினர்க்கு, அப்புண்ணுக்குப் பிந்தைய நெடிய வாழ்வும் ஆய்வுப் பொருளாதல் வேண்டும்.