நீரை அருகில் கொண்டுவந்தவர்கள்

உடல்நலம் பேண விரும்புவோர் போதிய நீர் பருக வேண்டும் என்பது இன்று மருத்துவர் அனைவரும் கூறும் அறிவுரை. ஆனால் நல்ல நீர் கைக்கெட்டும் தொலைவில் இல்லாதவனுக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? எத்தகைய நீரைப் பருகுவது, அதனை எல்லோருக்கும் எவ்வாறு கிடைக்கச் செய்வது என்னும் இரு வினாக்களையும் இஸ்லாமிய நாகரிகம் ஒருசேர எதிர்கொண்டது.

முதல் வினாவுக்கு விடை தேடியவர்களுள் இப்னு ஸீனா (980–1037) முதன்மையானவர். தமது 'அல்-கானூன் ஃபித் திப்' நூலின் முதற்பகுதியில் அவர் நீரின் வகைகளை விரிவாக ஆராய்கிறார். தூய மண்மீது ஓடிவரும் ஊற்றுநீரைச் சிறந்ததாகவும், எடை குறைந்த நீரை மேலானதாகவும் அவர் கருதினார். எடையறிய ஒரு சோதனையும் சொன்னார்: சம எடையுள்ள இரு துணிகளை இருவேறு நீரில் நனைத்து, நன்கு உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். எந்தத் துணி இலேசாக இருக்கிறதோ அதன் நீரே சிறந்தது. நீரில் கரைந்துள்ள உப்புகள் துணியில் தங்கிவிடும் என்பதை நோக்க, இச்சோதனையின் நுட்பம் விளங்கும். தரங்குறைந்த நீரைக் காய்ச்சியோ வடித்தோ திருத்தலாம் என்றும் அவர் எழுதினார்.

இரண்டாம் வினாவுக்கு விடையளித்தது அறச்சிந்தனை. மறைந்த தம் அன்னைக்காக எந்தத் தர்மம் சிறந்தது என வினவிய ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் நீரையே சுட்டினார்கள். அவரும் ஒரு கிணறு தோண்டினார். இவ்வழியில் வந்தவரே கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா (மறைவு: ஹிஜ்ரி 216, கி.பி. 831). மக்காவில் ஒரு தோற்பை நீர் ஒரு தீனாருக்கு விற்ற நிலையில், அவர் மலைகளைக் குடைந்து நீர் கொண்டுவந்ததாக இப்னு கல்லிகான் பதிவு செய்கிறார். வாதி நுஅமானிலிருந்து அரஃபாத்தை நோக்கி நீர் சாய்வின் போக்கிலேயே ஓடியது. கூஃபாவிலிருந்து மக்காவரை நீளும் பாதையிலும் குளங்களும் கிணறுகளும் அமைந்தன. 1184இல் அவ்வழியே பயணித்த இப்னு ஜுபைர், அவை இல்லையேல் அப்பாதையில் எவரும் செல்ல இயலாது என்று வியந்தார். 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா, அக்கால்வாயைப் புதுப்பித்து மக்கா நகருக்குள் கொண்டுவரப் பொருளுதவினார்.

நகரங்களில் இவ்வறம் 'ஸபீல்' என்னும் தண்ணீர் மனையாக வடிவெடுத்தது. கெய்ரோவில் சுல்தான் காயித்பாய் 1479இல் கட்டிய ஸபீலும், அப்துர் ரஹ்மான் கத்குதா 1744இல் எழுப்பியதும் இன்றும் நிற்கின்றன. கீழே நிலத்தடித் தொட்டி, நடுவே நீர் வழங்கும் சாளரம், மேலே சிறுவர்கள் குர்ஆன் ஓதும் மக்தப். வக்ஃபு வருவாயிலிருந்து பணியாளர் ஊதியம் பெற்றார். வழிப்போக்கர் காசின்றிக் குடித்தனர்.

இவ்வரலாறு வெறும் பழம்பெருமையன்று. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாகவும், அவர்களுள் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் நெடுந்தொலைவு நடந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாவதால் உடல் இழக்கும் நீரை நாம் உணர்வதில்லை. முதுமையிலோ தாக உணர்வே மங்கிவிடுகிறது. ஆகவே முதியவர்கள் தாகத்திற்காகக் காத்திராமல், சிறிது சிறிதாக அவ்வப்போது அருந்துவது நலம்.

எனினும் தனிமனிதனின் கவனம் ஓரளவுக்கே காக்கும். நிழலும் நீரும் இல்லாத பாதையில் நடப்பவன் எவ்வளவு அறிந்தவனாயினும் தளர்ந்தே தீருவான். ஸுபைதா பயணிகளுக்கு அறிவுரை கூறி நிற்கவில்லை. அவர்கள் நடக்கும் வழிக்கே நீரைக் கொண்டுவந்தார். பள்ளிவாசல் வாயிலிலும் கடைத்தெரு முனையிலும் ஒரு குடம் தூய நீரை வைத்து, அதனை நாள்தோறும் கழுவி நிரப்ப ஒருவரை அமர்த்துவது அம்மரபின் எளிய தொடர்ச்சியாகும்.