இடைநிலைத் தலைமை

இடைநிலைத் தலைமை என்பது, நிறுவனத்தின் உச்சப் பதவியில் இல்லாத ஒருவர் தமக்கு மேலுள்ளோரையும் சம நிலையினரையும் கீழுள்ளோரையும் ஒரு முடிவுக்கு இணங்கச் செய்யும் ஆற்றல். பிரிவு மேலாளர், தலைமைச் செவிலியர், வட்டாட்சியர் போன்றோர் இந்த இடத்தில் இருப்பவர்கள். தம் பிரிவுக்குள்தான் இவர்களால் ஆணையிட முடியும். அதற்கு வெளியே பேச்சு எடுபட வேறு வலிமை வேண்டும்.

கருத்தின் வளர்ச்சி

ஓர் ஆணையைப் பெறுபவர் அதை ஏற்கும்போதுதான் அதற்கு அதிகாரம் உண்டாகிறது என்று அமெரிக்க நிர்வாகி செஸ்டர் பர்னார்டு 1938இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். 1959இல் ஜான் ஃபிரெஞ்சு, பெர்ட்ரம் ரேவன் ஆகிய சமூக உளவியலாளர்கள் செல்வாக்கின் ஊற்றுகளை ஐந்தாக வகுத்தனர்: வெகுமதி, தண்டனை, பதவி, துறையறிவு, பிறர் வைக்கும் மதிப்பு. முதல் மூன்றும் பெரும்பாலும் நாற்காலியோடு வருபவை. இடைநிலையில் இருப்பவருக்குக் கைகொடுப்பவை கடைசி இரண்டும்தான். மேலிடத்தின் கனவையும் களத்தின் உண்மையையும் இணைப்பவர்கள் இடைநிலை மேலாளர்களே என்று ஜப்பானிய அறிஞர் இகுஜிரோ நொனாகா 1988இல் எழுதினார்.

ஹூபோல்ட்டின் கடிதம்

இத்தகைய தலைமைக்கு ஓர் எடுத்துக்காட்டு இது. 1961இல் நிலவுக்கு மனிதரை அனுப்ப நாசா முனைந்தபோது இரண்டு திட்டங்கள் முன்னணியில் இருந்தன. ஒன்று, நோவா என்ற மாபெரும் ஏவூர்தியில் நேரே சென்று இறங்குவது. மற்றொன்று, கலத்தின் பகுதிகளைப் பூமியின் சுற்றுப்பாதையில் இணைத்துப் புறப்படுவது. இதை நாசாவின் ஏவூர்தி வல்லுநர் வெர்னர் ஃபான் பிரவுன் ஆதரித்தார். வர்ஜீனியாவில் உள்ள நாசாவின் லாங்லி ஆய்வு மையப் பொறியாளர் ஜான் ஹூபோல்ட் (1919–2014) மூன்றாவது வழிக்காக வாதாடினார். தாய்க்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்க, சிறிய இறங்குகலம் மட்டும் கீழே போய்த் திரும்பி அதனுடன் சேரும். ஊர் திரும்புவதற்கான எரிபொருளையும் வெப்பக் கவசத்தையும் நிலவில் இறக்கி மீண்டும் தூக்க வேண்டியதில்லை. எடை வெகுவாகக் குறையும். ஒரே சாட்டர்ன் 5 ஏவூர்தி போதும்.

விண்வெளியில் இரு கலங்கள் சந்தித்தே இராத காலம் அது. பூமியிலிருந்து சுமார் 3,84,000 கி.மீ. அப்பால் சந்திப்பு தவறினால் வீரர்களை மீட்க வழியில்லை. ஹூபோல்ட்டின் கணக்குகளே பொய் என்று நாசாப் பொறியாளர் மாக்ஸிம் ஃபாஜே ஒரு கூட்டத்திலேயே மறுத்தார். குழு குழுவாக விளக்கியும் பயனில்லாமல் போகவே, 1961 நவம்பர் 15 அன்று ஹூபோல்ட் இடையிலிருந்த அதிகாரிகளைத் தாண்டி, நாசாவின் இணை நிர்வாகி ராபர்ட் சீமன்ஸுக்கு ஒன்பது பக்கக் கடிதம் எழுதினார். வழக்கமான முறை இதுவல்ல என்பதைக் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டார்.

சீமன்ஸ் அதை ஒதுக்கவில்லை. மனித விண்பயணப் பிரிவின் தலைவர் பிரெய்னர்டு ஹோம்ஸுக்கு அனுப்பினார். அங்கிருந்து அது ஹோம்ஸின் துணை அதிகாரி ஜோசப் ஷேயின் கைக்குப் போயிற்று. திட்டங்கள் மீண்டும் ஒப்பிடப்பட்டன. 1962 ஜூன் 7 அன்று ஃபான் பிரவுனே தம் நிலையை மாற்றிக்கொண்டார். ஹூபோல்ட்டின் வழியைத் தேர்ந்ததாக ஜூலை 11 அன்று நாசா அறிவித்தது. 1969 ஜூலையில் அப்போலோ 11 அந்த வழியிலேயே நிலவில் இறங்கியது.

வழிமுறைகள்

பிறர் தாமே சரிபார்க்கக்கூடிய சான்றை முன்வைப்பது இதில் முதன்மையானது. ஹூபோல்ட்டை நம்பாதவர்களையும் கணக்குதான் திருப்பியது. ஜப்பானிய நிறுவனங்களில், முறையான கூட்டத்துக்கு முன்பே தொடர்புடைய ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு கருத்துக் கேட்கும் வழக்கம் உண்டு. இதற்கு நெமாவாஷி என்று பெயர். மேலதிகாரியைத் தாண்டிச் செல்வது கடைசி வழி. அதை ஒளிவுமறைவின்றிச் செய்வதே நம்பிக்கையைக் காக்கும்.

வரம்புகள்

சான்று வலுவாக இருந்தும் மேலிடம் செவிசாய்க்காவிட்டால் இடைநிலைத் தலைமை தோற்கும். விண்ணோட ஏவூர்தியின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் செயலிழக்கலாம் என்று மார்ட்டன் தியோக்கால் நிறுவனப் பொறியாளர் ரோஜர் பாய்ஜாலி 1985இலேயே எழுத்துமூலம் எச்சரித்தார். 1986 ஜனவரி 27 இரவு அவரும் சக பொறியாளர்களும் குளிரைக் காரணம் காட்டி ஏவுதலைத் தள்ளிவைக்க மன்றாடினர், நிர்வாகம் ஏற்கவில்லை. மறுநாள் சேலஞ்சர் விண்ணோடம் சிதறி எழுவர் உயிரிழந்தனர். விசாரணை ஆணையத்தின் பரிந்துரைப்படி, நிர்வாகிக்கு நேரடியாகப் பதில் சொல்லும் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றை நாசா நிறுவியது. இடைநிலையில் இருப்பவரின் துணிவையும் திறமையையும் மட்டும் நம்பியிராமல், அவர் குரல் மேலே எட்டுவதற்கான பாதையை அமைத்துத் தருவது உச்சத்தில் இருப்போரின் கடமை.